வைதேஹி திறந்த டிரான்சிஸ்டர்

1
குழந்தைகளுக்கு விஞ்ஞானத்தில் எப்படி ஆசை வருகிறது என்று ஒரு பத்திரிகையில் கதை கேட்டார்கள். உற்சாகமாக இருக்கட்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்ததோ பயந்துபோன ஒரு வீட்டின் கதை. இப்படி ஆரம்பித்தேன்: 'வைதேஹி சின்ன வயதிலேயே நட்சத்திரங்களைப் பார்த்து…'

(இல்லை. டெல்லி ஜனக்புரியில் அவள் அண்ணாந்து பார்த்ததெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளைத்தான். அடித்துவிட்டேன்.)

2
எண்பத்தைந்து, மே மாதம். டெல்லி பஸ்களில் யாரோ டிரான்சிஸ்டர்களுக்குள் குண்டு வைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆசையாய் எடுத்துத் திருகியவர்கள் செத்துப்போனார்கள். மறுநாள் சாயங்காலம், சர்க்கார் குமாஸ்தா மகாதேவன் ஆபீசிலிருந்து இன்னும் வரவில்லை. கரண்ட் இல்லை. வீட்டு டிரான்சிஸ்டரும் செய்திக்கு நடுவே ஊமையாகிவிட்டது.

மகள் வைதேஹி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். ஏழாவது படிக்கிறவள்.

"தொடாதேடி!" என்று அம்மா விசாலாக்ஷி கத்தினாள்.

"இது நம்ம ரேடியோம்மா. உள்ள ஒண்ணும் இருக்காது."

"உனக்கெப்படித் தெரியும்? திறந்து பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. தினமும் தொடுகிற பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்றே தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

(இங்கே 'ஆர்வம் பிறந்தது' என்று எழுதினேன். ஆனால் அவளுக்கு வந்தது பயம்தான். அதையும் அடித்தேன்.)

3
"அப்பா போற ரூட்ல ஏதாவது ஆச்சான்னு தெரிய வேண்டாமா?"

அம்மா மெழுகுவர்த்தியை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தாள்.

"நீ தள்ளி நில்லும்மா."

"நீ திற. நான் எங்கயும் போகல."

மூடி கழன்றது. பாட்டரிப் பக்கம் ஓர் ஒயர் விட்டுப்போய்த் தொங்கியது. வைதேஹி அதைத் தொட்டு வைத்தாள். கரகரப்பு, பிறகு இந்தியில் ஒரு குரல். அம்மா அழுதுவிட்டாள். வைதேஹி ஒயரை எடுத்தாள், குரல் போயிற்று. வைத்தாள், வந்தது. மறுபடி எடுத்தாள்.

"ஏண்டி, செய்தியைக் கேக்க விடேன்!"

4
அப்போது மகாதேவன் வாசலில் நின்றார். பஸ் இல்லாமல் நடந்தே வந்திருந்தார். வழியில் எதைப் பார்த்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. இங்கே அவர் பார்த்தது திறந்து கிடந்த டிரான்சிஸ்டரையும், அதன்மேல் குனிந்திருந்த மகளையும்.

"ஹடோ! ஹடோ!" என்று விலகச் சொல்லி இந்தியில் அலறினார். வீட்டுக்குள் அவர் இந்தி பேசியதே இல்லை. பாய்ந்து பிடுங்கி, பால்கனி வழியே வீசினார்.

"அப்பா, அது நம்மளோடது!"

கீழே பிளாஸ்டிக் உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. மகாதேவன் அப்படியே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"இனிமே எதையும் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு, கண்ணா."

5
ஒரு முடிவில் அவள் கீழே ஓடிச் சில்லுகளைப் பொறுக்குகிறாள். பின்னாளில் என்ஜினீயர் ஆகிறாள். இன்னொன்றில் சத்தியம் செய்கிறாள். பாங்கில் சேர்கிறாள், பியூஸ் போனாலும் ஆள் கூப்பிடுகிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நம்பும்படி இருக்கின்றன. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் எழுத முடியவில்லை. நீங்களே முடித்துவையுங்கள்:

வைதேஹி அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு