பழைய எடைக்கு வெல்லம்

மகன் செழியனுக்கு வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் அவன் எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டிக்கொண்ட உண்ணாமலை, அன்றைய எடைக்கே வாங்கியும் வைத்துவிட்டாள். ஒரு வருஷம் கழித்துக் கோயில் தராசில் செழியன் உட்கார்ந்தான். வெல்லத்தட்டு டங்கென்று தரையில் இடிக்க, அவன் அந்தரத்தில் தொங்கினான்.

"வெல்லத்தைக் கம்மி பண்ணுங்கம்மா" என்றார் குருக்கள்.

"பழைய உடம்புக்குத்தான் வேண்டிக்கிட்டேன். கம்மி பண்ணா சாமி குத்தம்!"

செழியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபரேஷனில் அவனுடைய பசி ஹார்மோன் அடங்கி, கொழுப்பெல்லாம் கரைந்துவிட்டது. அம்மாதான் அடங்கவில்லை. தினமும் பத்து இட்லி வைப்பாள். அவன் தின்றது போக மிச்சத்தை வீணாக்க மனசு வராமல் அவளே தின்பாள்.

"அப்ப நீயே உக்காரும்மா!"

உட்கார்ந்தாள். தட்டுகள் இரண்டும் அசையாமல் நேராக நின்றன.

"அந்த டாக்டர் நம்பர் வெச்சிருக்கியாடா?" என்றாள், இறங்காமலே.