எல்லாவற்றுக்கும் ஓகே சொன்ன டாக்டர்

கல்லூரியில், மென்பொருளைத் திட்டமிடக் கற்றுத்தரும் சிஸ்டம் அனாலிசிஸ் பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நடத்துகிறேன் என்று துறைத்தலைவரிடம் மல்லுக்கு நின்று மேடம் வாங்கியது ஒரே ஒரு பருவம். மாசக்கணக்கில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, பரீட்சையில் கக்கிவிட்டுப் போகிற பாடமா இது? நிஜமான ஒருவருக்கு என்ன வேண்டும் என்று கேள், கொஞ்சம் கட்டு, கொண்டுபோய்க் காட்டு, திட்டு வாங்கு, திருத்து, மறுபடி காட்டு. மென்பொருள்காரர்கள் அஜைல் என்று சொல்லும் முறை அவ்வளவுதான். "கடைசியில உருப்படியா ஒண்ணு ஓடணும். இல்லேன்னா பழையபடி படம்தான்" என்று துறைத்தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நிஜமான ஆளாக மேடம் பிடித்துப்போட்டது சொந்த அக்காவை. அக்கா பல் டாக்டர். கிளினிக்குக்கு முன்பதிவு செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். மாணவர்கள் தினமும் போர்டுக்கு முன் வட்டமாக நின்று, நேற்று செய்தது, இன்று செய்யப்போவது, எங்கே இடிக்கிறது என்று சொல்ல வேண்டும். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். எங்கேயும் இடிக்கவே இல்லை. வேலைக்கு ஒன்றாக எழுதி ஒட்டிய மஞ்சள் சீட்டுகள் போர்டின் 'முடிந்தது' பக்கத்தில் போய்க் குவிந்தன. "டாக்டர் பார்த்தாங்களா?" என்றால், "ஓகே சொல்லிட்டாங்க மேடம்." பிள்ளைகளை வேவு பார்க்கக் கூடாது என்று அவளும் அக்காவிடம் விசாரிக்கவில்லை.

கடைசி நாள் அக்கா வந்து கணினி முன் உட்கார்ந்தபோதுதான் குட்டு உடைந்தது.

"பல்வலின்னு திடீர்னு ஓடி வர்றவங்களை எதுல போடறது?"

திரை, அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னது.

"அப்படி ஒரு சீட்டே இல்லையே" என்றாள் முன்வரிசைப் பெண்.

"டாக்டர்கிட்ட கேட்டீங்கதானே?" என்றாள் மேடம்.

பின்வரிசை நெட்டையன் மெல்ல எழுந்தான். "அவங்க எப்பவும் பிஸி மேடம். அதனால வகுப்புல நானே டாக்டரா இருந்தேன்."

"இருந்து?"

"எல்லாத்துக்கும் ஓகே சொன்னேன்."

மேடத்துக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார்.

"என்ன டாக்டர், வேலைக்கு ஆகுமா?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "பிரமாதம் சார். நாளைக்கே போட்டுக்கலாம்."

பிள்ளைகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேடமோ அக்காவை முறைத்தாள். இவளும் ஓகே சொல்லிவிட்டாளே! வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த பருவமும் கையில். ஆனால் கேட்காமல் கட்டினாலும் காரியம் நடக்கும் என்பதைத்தான் இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு போவார்கள்.

"இல்ல சார். ஓடாது" என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள்.

"அப்போ பழையபடி படம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"பைத்தியமாடி நீ? உனக்காகத்தானே சொன்னேன்!" அக்கா பல்லைக் கடித்தாள்.

மேடம் போர்டுப் பக்கம் திரும்பிச் சீட்டுகளைப் பிய்க்க ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். நெட்டையன் பேனாவோடு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர், வலியோட வர்றவங்களை இப்போ நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

பருவம் முழுக்க, யார் வாயிலிருந்தாவது வராதா என்று மேடம் தவம் கிடந்த கேள்வி. துறைத்தலைவர் அதற்குள் படியிறங்கிப் போயிருந்தார்.