சீனி நின்ற நாள்

பலாபத்வலயில் வாகினியின் குதிரை சீனி செத்தது 2022 செப்டெம்பரில், ஒரு வியாழக்கிழமை பகல் இரண்டே காலுக்கு. அது நடப்பதை நிறுத்தியது 2024 ஏப்ரலில். இடைப்பட்ட பத்தொன்பது மாதமும் ஊருக்கு அதனால் பெரிய தொந்தரவு எதுவும் இருக்கவில்லை. பஸ்காரர்கள் வளைவில் கொஞ்சம் மெதுவாகப் போனார்கள், அவ்வளவுதான்.

வாகினிக்குச் சொந்த ஊர் சாவகச்சேரி, வேலை மாத்தளைக் கல்வி அலுவலகத்தில். நாற்பது வயதாகியும் கல்யாணம் கட்டாதவள், நுவரெலியா ரேஸில் ஒருதடவைகூட வெல்லாத பெட்டைக் குதிரையை வாங்கிக்கொண்டு வந்தபோது ஊர் வாய்விட்டுச் சிரித்தது. சிவப்புச் சீனியின் நிறம் என்பதால் அதற்கு அந்தப் பெயர். காலை ஐந்து மணிக்கு எழும்பி, லாயத்தைக் கூட்டி, குளம்பில் சிக்கிய கல்லைக் கிண்டி எடுத்து, உடம்பைத் தேய்த்துவிட்டு, மிளகுத் தோட்டப் பாதையில் ஒரு மணித்தியாலம் சவாரி போவாள். பிறகு குளித்துச் சேலை கட்டி ஏழரை பஸ்ஸில் ஏறுவாள். பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கு அப்போதும் குதிரை மணக்கும். ஓடப் பழக்கிய குதிரைக்கு நிற்கத் தெரியாது. அதை நிற்கப் பழக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. ‘ஹோ’ என்று அவள் மெல்லச் சொன்னால் நிற்கும். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் நிற்காது. வாகினி தன் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்டது அந்த ஒன்றுக்குத்தான்.

அந்த வியாழக்கிழமை, தினமும் புல் கொண்டுவரும் மாடசாமி காய்ச்சலில் படுத்துவிட்டார். தம்புள்ளை மரக்கறி லொறி ஓட்டும் அஸ்ஹர், சீனிமேல் உள்ள பிரியத்தில், முந்தின நாள் பின்னேரம் அரைச் சாக்கு முட்டைக்கோவாவை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். கோவா குதிரையின் வயிற்றை ஊத வைக்கும். வாகினிக்கு அது தெரியும். தெரிந்து, தன் கையாலேயே மட்டையில் எழுதி லாயக் கதவில் ஒட்டியும் இருந்தாள். ஏழரை பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி சாக்கில் இருந்ததை முழுவதும் தொட்டியில் கொட்டினாள்.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டார் போன் எடுத்தார்கள். குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுக்கப் பார்க்கிறது என்றார்கள். அவள் ஆட்டோவில் பறந்து வந்தாள். மிருக வைத்தியர் நுஹ்மான் மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர் என்றாலும் சரியானதைத்தான் சொன்னார். “படுக்க விடாதீங்க மிஸ். உருண்டா குடல் முறுகிடும். நடத்திட்டே இருங்க.”

அவள் நடத்தினாள். நுஹ்மானும் கூடவே நடந்து மருந்து ஏற்றினார். இரண்டே காலுக்கு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மிஸ், இது மவுத்தாகிட்டு.”

“நடக்குதே டொக்டர்.”

“நடக்குதுதான். அதையும் பார்த்திட்டுத்தான் சொல்றேன்.”

“நீங்கள்தானே நடத்தச் சொன்னீங்கள்,” என்றாள் வாகினி. “நான் நிப்பாட்ட மாட்டன்.”

காய்ச்சலோடு எழும்பி வந்த மாடசாமி லாயத்துக்குப் பின்னால் ஒரு குதிரை அளவுக்குப் பள்ளம் தோண்டினார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் அதைத் தகரத்தால் மூடி வைத்தார்.

சீனி தின்னவில்லை, சாணி போடவில்லை, நாறவுமில்லை. தொட்டால் மழைநாள் சுவர்போலக் குளிர்ந்திருந்தது. வாகினி அதை நடத்திக்கொண்டே அலுவலகம் போனாள். உள்ளே அவள் வேலை பார்க்கும்போது மாடசாமி அதை வளவைச் சுற்றி நடத்தினார். எந்தச் சுற்றுநிருபத்தின்படி இது என்று விளக்கம் கேட்டு மேலதிகாரி கடிதம் அனுப்பினார். எந்தச் சுற்றுநிருபம் தடுக்கிறது என்று அவள் பதில் போட, கோப்பு மூடப்பட்டது. அவள் தூங்கும் நேரத்தில் கயிற்றைப் பிடித்தது அஸ்ஹர். “கோவா என்னோடதுதானே மிஸ்,” என்று முதல் நாளே அழுதான். உன்னில் பிழையில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதன்பிறகு அவன் லொறியில் கோவா ஏற்றுவதையே விட்டுவிட்டான். அந்தப் பாரத்தை அவன் சுமக்கட்டும் என்று அவள் விட்டதுதான், செய்ததிலேயே மோசமான காரியம். அது அவளுக்கும் தெரியும்.

தார் ரோட்டில் முதலில் லாடம் தேய்ந்தது, பிறகு குளம்பு, பிறகு கால். இரத்தம் வரவில்லை, சவர்க்காரம் தேய்வதுபோலத் தேய்ந்தது. ஆரம்பத்தில் சீனியின் முதுகு வாகினியின் வாய்க்கு நேராக இருந்தது. முதல் வருடம் முடிய அது தோளுக்கு வந்தது, அடுத்த தைப்பொங்கலுக்கு முழங்கைக்கு. ஏப்ரலில் இடுப்புக்கும் கீழே போனபோது அஸ்ஹர் குனிந்துதான் அதை நடத்த வேண்டியிருந்தது.

புத்தாண்டு கழிந்த ஒரு காலையில் கயிற்றைக் கைமாற்றும்போது அவன் கேட்டான். “நான் குத்தம் செஞ்சவன், நடக்கிறேன். இது என்ன செஞ்சிச்சு மிஸ்?”

வாகினி சீனியைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தது. நல்ல குதிரை அது, சொன்னால்தான் நிற்கும். “ஹோ,” என்றாள், மெல்ல.

சீனி நின்றது. முன்னங்கால்களை மடித்துப் படுத்தது. பத்தொன்பது மாதமாக யாரும் செய்ய விடாததைச் செய்தது: புழுதியில் இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம், சேணம் கழற்றிய குதிரைகள் உருள்வதுபோல ஆசைதீர உருண்டது. பிறகு அசையவில்லை.

நுஹ்மான் வந்து சான்றிதழில் இரண்டு திகதியையும் எழுதினார். காரணம் என்ற இடத்தில் அவர் பேனா நின்றது.

“கோவா எண்டு எழுதுங்கோ,” என்றாள் வாகினி. “வைச்சது நான் எண்டும் எழுதுங்கோ. கூடாதெண்டு தெரிஞ்சுதான் வைச்சனான். அஸ்ஹரில ஒரு பிழையும் இல்லை.”

அவர் அப்படியே எழுதி முத்திரை குத்தினார். பள்ளம் மிகப் பெரிதாக இருந்தது. மிச்ச இடத்தில் சேணத்தையும் வைத்தார்கள். மாடசாமி எல்லா மண்ணையும் தள்ளியும் மேடு எழவில்லை. மறுநாள் வாகினி ஐந்து மணிக்கே எழும்பி, கூட்டுவதற்கு ஒன்றுமில்லாத லாயத்தைக் கூட்டிவிட்டு, ஏழரை பஸ்ஸில் போனாள். திங்கட்கிழமை அஸ்ஹர் தம்புள்ளையில் கோவா ஏற்றினான்.