பாதித் தலையோடு பேட்டரி மெக்கானிக்

முடிதிருத்தும் கடையின் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏழு வயதாகிவிட்டது. "ஒரு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணிடலாம்ப்பா" என்று பேட்டரி மெக்கானிக் மூன்று மாதமாகச் சொல்லியும், கடைக்காரர் "அடுத்த வாரம் பாக்கலாம்ண்ணே" என்று தட்டிக்கழித்தே வந்தார்.

அன்று மெக்கானிக்கே முடிவெட்ட வந்து உட்கார்ந்தார். மெஷின் இடப்பக்கத்தை ஒட்ட வழித்து முடித்த நேரம், கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இரண்டு முறை கீச்சிட்டு அடங்கியது.

"இப்படியே வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி கதவைத் திறக்கமாட்டா!" என்று அலறிய மெக்கானிக், கழுத்தில் கட்டிய துணியோடு மேசைக்கடியில் புகுந்தார். பேட்டரி முனைகளில் பூசணம்போலப் பச்சை உப்பு பூத்திருந்தது. ஒயரைக் கழற்றி, வெந்நீர் விட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, கடையிலிருந்த வேசலினைத் தடவி இறுக்கி மாட்டினார். விளக்கு எரிந்தது. காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"கிழட்டு பேட்டரிப்பா, பத்து நிமிஷம்தான் தாங்கும். சீக்கிரம் வெட்டு!"

ஊர்க்கதை பேசிப் பேசியே ஒரு மணி நேரம் வெட்டுகிற கடைக்காரர், அன்று வாயைத் திறக்காமல் ஏழே நிமிடத்தில் முடித்தார். கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரேபோல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.