அச்சு கொஞ்சம் ஆடும்

காலை ஒன்பதரைக்கே கண்ணாடிக்கடைக்காரி சுங்க அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வரவழைத்த மெஷின் துறைமுகக் கிடங்கில் இறங்கி இன்றோடு ஐந்து நாள். ஐந்து நாள்தான் இலவசம். ஆறாம் நாளிலிருந்து கிடங்கு வாடகை ஓட ஆரம்பித்துவிடும், அதுவும் நாளுக்கு நாள் ஏறும் வாடகை. ஒரு பெட்டி சும்மா கிடப்பதற்கு வாடகை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற மெஷின் அது. இத்தனை வருஷமாக அவள் லென்ஸை வெளியூர்ப் பட்டறைக்கு அனுப்பி, எட்டு நாள் காத்திருந்து, அந்த எட்டு நாளும் வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கணவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தை மொத்தமாக அவளிடம் நீட்டி, "எடுத்துக்கோ, கடையில போடு" என்று சொல்லிவிட்டார். அதில் பன்னிரண்டு லட்சம் மெஷினுக்கே போயிற்று. மிச்சம் இருந்தது இரண்டு லட்சம்.

பன்னிரண்டு கொடுத்தால் மெஷின் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் முத்திரைகள் புடைத்துக்கொண்டிருப்பதால் அவருக்கு முத்திரை என்றே பெயர். மெஷின் என்ன விலை என்று கேட்காமலே, அவர் ஒரு பழைய கவரைத் திருப்பிப் போட்டு அதில் கணக்குப் போடும் விதத்தை எழுதிக் காட்டினார்.

"மெஷின் விலைக்கு மட்டும் வரின்னு நினைக்காதீங்க தங்கச்சி. கப்பல் கூலி, இன்சூரன்ஸ், ரெண்டையும் அதோட கூட்டணும். கூட்டி வர்ற தொகைக்குத்தான் வரி. அப்புறம் அந்த வரியையும் சேர்த்து வர்ற தொகைக்கு இன்னொரு வரி."

"வரிக்கே வரியா அண்ணே?"

"ஆமா. அதுக்கு மேல துறைமுகக் கட்டணம், இறக்குக் கூலி, என் கூலி. இருக்கறதுலயே சின்னது என் கூலிதான். ஆனா எல்லாரும் அதுல மட்டும்தான் பேரம் பேசுவாங்க."

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு லட்சத்துக்கு அவளே கூட்டிப் பார்த்தாள். நாலு லட்சத்தைத் தாண்டியது. கையில் இருந்ததோ இரண்டுதான். அந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் விற்றவன் போன் செய்து, தையல்காரர் கை நீளம் கேட்பது போல் சர்வசாதாரணமாகக் கேட்டான்: "பில்லுல என்ன விலை போடட்டும்?"

அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. "அஞ்சு" என்றாள்.

ஐந்து லட்சம் கடைக் கணக்கிலிருந்து போயிற்று, ரசீதோடு. மீதி ஏழு கணவர் கணக்கிலிருந்து, அவன் சொன்ன வேறொரு பெயருக்குப் போயிற்று. முத்திரையிடம் இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. அவரும் ஐந்து லட்ச பில்லைப் பார்த்து, அதே ஐந்துக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதற்கான கட்டணமும் குறைந்ததில் அவளுக்கு உள்ளூர ஒரே குஷி.

பதினொன்றே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மதிப்பீட்டு அதிகாரி ஒரு பெண்மணி. அவருடைய மூக்குக்கண்ணாடியின் இடது கம்பி வளைந்து, கண்ணாடி ஒரு பக்கமாக ஏறியிருந்தது. வேறு இடமாக இருந்தால் கடைக்காரி அதை வாங்கி இரண்டு நொடியில் நிமிர்த்திக் கொடுத்திருப்பாள். இங்கே கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"இதே மாடல். போன மாசம் ரெண்டு பேர் பன்னெண்டுக்குக் கொண்டுவந்திருக்காங்க" என்றார் அதிகாரி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு மட்டும் எப்படிம்மா அஞ்சு?"

முத்திரை முந்திக்கொண்டார். "பேங்க் ரசீது வச்சிருக்கோம் மேடம். இருபத்திரெண்டு வருஷமா இந்தப் படி ஏறறேன். பொய் பில்லு ஒண்ணு கொண்டுவந்திருப்பேனா?"

இந்த மனுஷர் ஏன் இப்படித் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்? யார் கேட்டார்கள் இவரை? பொய் என்று தெரிந்தால் மெஷின் பறிமுதல், அவர் லைசென்ஸும் போகும். இதை அவரே ஒருநாள் வேறு யாரோ ஒருவர் கதையாகச் சொல்லியிருக்கிறார்.

"ரசீது சரி" என்றார் அதிகாரி. "விலை ஏன் குறைச்சல்? காரணம் வேணும். இல்லன்னா நான் பன்னெண்டுதான் போடுவேன்."

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை தானாக வந்தது.

"அது புதுசு இல்ல மேடம். ஷோரூம்ல காட்சிக்கு வச்சிருந்தது. பெயின்ட்லாம் உரிஞ்சிருக்கும். அச்சு கொஞ்சம் ஆடும். அதான் தள்ளிவிட்டுட்டான்."

அந்த மெஷினில் பெயின்ட் உரியவும் இல்லை, அச்சு ஆடவும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து நேராகப் பெட்டிக்குள் போன மெஷின். அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். பார்வை நகரவில்லை. பிறகு ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

"இதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினாள். 'அச்சு கொஞ்சம் ஆடும்' என்ற இடத்தில் பேனா ஒரு முறை நின்று, பிறகு ஓடியது. முத்திரை தன் பையிலிருந்து ரப்பர் முத்திரை ஒன்றை எடுத்து ஊதி, அவள் கையெழுத்துக்குக் கீழே ஓங்கிக் குத்தினார். ஐந்து லட்சம் ஏற்கப்பட்டது. ஒன்றரை மணிக்கு வரி கட்டியாயிற்று. படி இறங்கும்போது மனசு சிறகடித்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

மூன்று மணிக்குக் கிடங்கில் பெட்டியைக் காட்டினார்கள். முத்திரை அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சட்டென்று நின்றார். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்ன வட்டம் சிவப்பாகியிருந்தது. பெட்டி சாய்ந்தால்தான் அது சிவக்கும்.

"வண்டியில ஏத்தாதீங்க!" என்று கத்தினார். "தங்கச்சி, இங்கேயே பிரிச்சுப் பார்க்கணும். கேட்டைத் தாண்டிட்டா இன்சூரன்ஸ்காரன் ஒத்தக் காசு தர மாட்டான்."

அவரே போன் போட்டார். சேதத்தைப் பார்த்து எழுதும் இன்சூரன்ஸ் சர்வேயர் முக்கால் மணி நேரத்தில் வந்தார், பேச்சுக் குறைந்த ஒல்லி மனிதர். கடப்பாரையால் பலகைகளைப் பெயர்த்தார்கள். உள்ளே பெயின்ட் பளபளத்தது. சர்வேயர் குனிந்து, நடுவில் அச்சில் மாட்டியிருந்த உருளையை விரலால் சுற்றிவிட்டார். அது சுற்றவில்லை, ஆடியது.

"பெட்டி எங்கயோ விழுந்திருக்கு. அச்சு வளைஞ்சிருக்கு" என்றார் சர்வேயர். "அச்சு போனா இந்த மெஷினே போன மாதிரிதான். ஃபைலைக் கொடுங்க."

முத்திரை கொடுத்தார். மேலேயே இருந்தது, காலையில் அவள் எழுதிய தாளின் நகல். சர்வேயர் படித்தார், திரும்பவும் ஒரு முறை படித்தார்.

"அச்சு கொஞ்சம் ஆடும்னு எழுதியிருக்கே. இது நீங்க எழுதினதா?"

"சார், அது சும்மா லேசா ஆடும்னு..." என்று ஆரம்பித்த முத்திரை, பளபளத்த பெயின்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இருபத்திரெண்டு வருஷம் பெட்டி பிரித்தவருக்குப் புது மெஷின் எது என்று தெரியாதா? அவர் முகம் வெளிறிப்போனதை அவள் கண்ணாலேயே கண்டாள்.

அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போய், முத்திரைகளைப் பொத்திக்கொண்டது.

"சொல்லுங்கம்மா." சர்வேயர் பேனாவைத் திறந்தார். "முன்னாடியே இருந்த கோளாறா, வழியில ஆனதா? வழியில ஆனதுன்னா பில்லு விலை அஞ்சு லட்சம் கிடைக்கும். இந்தத் தாள் ஏன் இப்படி இருக்குன்னு மட்டும் சுங்க ஆபீஸ் மாடியில போய்ச் சொல்லணும்."

ஐந்து லட்சம். போன பன்னிரண்டில் அதுவாவது கைக்கு வரும். வாயைத் திறந்தால் போதும். ஆனால் மாடியில் அந்தக் கோணல் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது, தாளில் அவள் கையெழுத்துக்குக் கீழே இந்த மனுஷரின் முத்திரை இருக்கிறது. தனக்கு வந்தது தன்னோடு போகட்டும் என்று தோன்றியபோது அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. கோபம் முழுக்கத் தன் மேல்தான்.

"முன்னாடியே ஆடும் சார்" என்றாள்.

சர்வேயர் ஒரு வரி எழுதி, ஃபைலை மூடி முத்திரையிடம் கொடுத்துவிட்டுப் போனார். முத்திரை அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே வாசலை நோக்கி நடந்தார். அவர் கூலியைக்கூடக் கேட்கவில்லை.

போன் அடித்தது. கணவர். பின்னால் யாரோ மேஜையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மெஷினுக்கு இடம் ஒதுக்கிட்டேன். மட்டம்கூட வச்சுப் பார்த்துட்டேன், துளி சாயல. கைக்கு வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க" என்றாள். "அச்சுதான் கொஞ்சம் ஆடுது."