சிவப்பு மை அடிக்குறிப்பு

பெகாயிமுக்கு எதையும் திட்டம் போட்டுச் செய்யத் தெரியாது. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. பொறாமையில் சொல்ல வேறு நிறைய இருக்கிறது, வருகிறேன்.

படிக்க வந்த டனீடினில் நாங்கள் இருவரும் மூன்றாவது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கிர்கீஸ் நாட்டில் அவள் ஊர் தலாஸ். நான் இஸ்ஸிக்-குல் ஏரியின் தென்கரை. என்னைவிட ஒரு வயது சின்னவள் என்பதால் நான் அவளுக்கு எஜே, அதாவது அக்கா. எங்கள் பட்டப்படிப்பு இஷ்டம்போல் வளைகிற வகை. அறிவியலில் எந்தப் பாடத்தையும் எடுக்கலாம், நடுவில் விடலாம், முதன்மைப் பாடத்தையே மாற்றலாம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சௌகரியம். எங்களுக்கு விசா வளையாது. மூன்று வருடத்தில் முடியவில்லை என்றால் இன்னொரு அரை வருடம் தங்கிப் படிக்க எங்கள் இரண்டு வீட்டிலும் வழி கிடையாது. பட்டம் இல்லாமல் விமானம் ஏற வேண்டியதுதான்.

அதனால்தான் முதல் வாரமே நான் அட்டவணை போட்டேன். மண்ணியல் என்று முடிவு செய்து இருபத்துநாலு பாடத்தையும் வரிசையாக எழுதி, விதிப்புத்தகத்தின் அடிக்குறிப்புகளைச் சிவப்பு மையில் சேர்த்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இங்கே இருக்கிற கிர்கீஸ், கசாக் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் தாளை என்னிடம்தான் கொண்டுவந்து சரிபார்ப்பார்கள்.

பெகாயிம் அப்படியா? முதல் வருடம் வானியல். பிறகு உளவியல். பிறகு கடல் உயிரியல், அதில் ஒரு நத்தையை அறுக்கச் சொன்னதும் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். போன வருட நடுவில், ஏதோ மழை நாளில், மண் வாசனை பிடித்திருக்கிறது என்று மண்ணியலுக்கு வந்தாள். வாசனை பிடித்ததாம்! நான் முதல் வாரத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஏறிய மலையில் இவள் உல்லாசமாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு ஆசிரியர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இந்த ஊர் வழக்கம் எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. அவள் வந்த இரண்டாம் நாளே பேராசிரியையை "பிலிப்பா, பிலிப்பா" என்று தோழியைப்போல் அழைத்தாள்.

அந்தப் பிலிப்பாவின் மலைமண் ஆய்வில் மூன்றாம் வருடத்தில் ஒரே ஒருவருக்கு இடம். நான் விண்ணப்பித்தேன், அவளும் விண்ணப்பித்தாள். என் மதிப்பெண்தான் வகுப்பில் முதல். நேர்காணலில் ஒரு மண்கட்டியைக் கொடுத்தார்கள். நான் அதன் அமிலத்தன்மை முதல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெகாயிம் அதை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் புல்லு முளைக்கும்?" என்று கேட்டாளாம்.

திங்கட்கிழமை மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சூயுஞ்சு, எஜே! சூயுஞ்சு!"

நல்ல சேதி கொண்டுவருகிறவர் எங்கள் ஊரில் இப்படித்தான் கத்துவார். கேட்டவர் சந்தோஷத்தில் ஏதாவது பரிசு கொடுத்தாக வேண்டும், அதற்கும் சூயுஞ்சு என்றுதான் பெயர். எனக்குத்தான் இடம் கிடைத்துவிட்டது, அதைச் சொல்ல வருகிறாள் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன்.

"எனக்குக் கிடைச்சிருச்சு எஜே! பிலிப்பா இப்பத்தான் கூப்பிட்டுச் சொன்னாங்க!"

தன் நல்ல சேதிக்கு யாரும் அந்நியரிடம் போய்ச் சூயுஞ்சு கேட்பதில்லை. அவளுடைய சந்தோஷம் என்னுடையது என்று நினைத்து வந்திருக்கிறாள். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். என்ன செய்வது? அம்மா அனுப்பிய ஆப்ரிகாட் ஜாமில் கடைசி ஜாடி அலமாரியில் இருந்தது. விமான நிலைய அதிகாரி மோந்து பார்த்துவிட்டு மனமில்லாமல் உள்ளே விட்ட ஜாம். அதை எடுத்து அவள் கையில் வைத்து, "ரொம்ப சந்தோஷம்டி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷம் என்று சொல்ல முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் தன் பாடத் தாளை நீட்டினாள். "ஒரு தடவ பாத்துரு எஜே. வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட மாத்துற கெடு முடியுது."

பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் கண்ணில் பட்டது. இரண்டாம் நிலைப் புள்ளியியல் இல்லை. அது இல்லாமல் மண்ணியலில் பட்டம் தர மாட்டார்கள், அது நடப்பதும் வருடத்தின் முதல் பாதியில் மட்டும். இப்போது விட்டால் அடுத்த வருடம்தான். பாதி வழியில் மண்ணியலுக்கு வந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

"சரியா இருக்கு," என்றேன்.

செவ்வாய்க்கிழமை, அவளுக்கு என்ன, விதிப்புத்தகம் படிக்கத் தெரியாதா என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை அவள் போர்சோக் பொரித்தாள். மாவுத்துண்டுகள் பொன்னிறமாக உப்பி வந்தன, அதையும் அவள் அளந்து போடுவதில்லை. வியாழக்கிழமை எங்கள் ஊர் உப்பு டீயை என் கிண்ணத்தில் ஊற்றும்போது, "எஜே, ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"டீல உப்பு கம்மி," என்றேன்.

அவள் உப்பை எடுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் நாலு மணிக்கு மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தேன். தலாஸ் பேருந்து நிலையத்தில் இவள் பெட்டியோடு இறங்குவதும், கொண்டுவந்த பட்டம் எங்கே என்று அவள் அப்பா பெட்டியைப் பார்ப்பதும் மனதில் ஓடியது. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷம் வரும் என்றுதான் நான்கு நாளாகக் காத்திருந்தேன். வரவில்லை. சல்லடையைப் போட்டது போட்டபடி, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். எங்கள் வீட்டுக்கு ஏறும் மேடு எவ்வளவு செங்குத்து என்று அன்றுதான் உறைத்தது.

பெகாயிம் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மணி நாலு நாற்பது.

"புள்ளியியல்!" எனக்கு மூச்சு வாங்கியது. "உன் தாள்ல இரண்டாம் நிலைப் புள்ளியியல் இல்லடி. அது இல்லேன்னா பட்டமே இல்ல. ஓடு, ஆபீஸ் இன்னும் தொறந்திருக்கும்!"

அவள் அசையவில்லை. கடைசிக் கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமையே சேத்துட்டேன் எஜே."

"செவ்வாய்க்கிழமையா?"

"கையெழுத்து வாங்க ஆபீஸ் போயிருந்தேன். எங்க எஜே பாத்துட்டா, தப்பே இருக்காதுன்னு பெருமையா சொன்னேன். அங்க இருந்த அம்மா சிரிச்சுட்டு அடிக்குறிப்பக் காட்டுனாங்க. உனக்கும் தெரியல போல, வந்து சொல்லி உன்னக் கேலி பண்ணணும்னு நெனச்சேன். வந்து பால் எடுக்க ஃபிரிட்ஜத் தொறக்கப் போனா..."

ஃபிரிட்ஜ் கதவில், என் அட்டவணையில், என் கையெழுத்தில், சிவப்பு மையில் அதே அடிக்குறிப்பு இருந்தது. இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

"அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டனே. உப்பு கம்மின்னு சொன்ன." கைகளைத் துடைத்துக்கொண்டாள். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லிட்ட. இருபது நிமிஷம் மிச்சம் வெச்சுத்தான் சொன்ன, ஆனா சொல்லிட்ட."

அலமாரியைத் திறந்து ஆப்ரிகாட் ஜாடியை எடுத்து என் முன்னால் வைத்தாள். மூடி திறக்கப்படவே இல்லை. கொடுத்த சூயுஞ்சுவைத் திருப்பித் தருவது எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கிடையாது. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள்கூடச் செய்ய மாட்டார்கள்.

"பெகாயிம், வேணாம்டி. எடுத்து உள்ள வை."

"சந்தோஷப்பட்டவங்க குடுக்கறதுதானே எஜே சூயுஞ்சு? உன்கிட்டயே இருக்கட்டும். அடுத்த தடவ எனக்கு ஏதாச்சும் நல்லது நடந்தா, நெசமாவே சந்தோஷம் வந்துச்சுன்னா, அப்பக் குடு."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்தாள், ஒன்று எனக்கு. எதையும் திட்டம் போடத் தெரியாத அவளுக்கு, சூயுஞ்சுவைத் திருப்பித் தருவதை மட்டும் எவ்வளவு சரியாகச் செய்யத் தெரிந்திருக்கிறது என்று, ஜாடியைக் கையில் பிடித்தபடி, அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.