அயித்தைக்கு வலிக்கவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லின் வழியாகக் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கனவில் கதை வரும், ரயில் பயணத்தில் வரும். எனக்குத் தேன்குழல் கடித்தபோது பல் விண்டு, அந்தப் பல்லுக்கு ரூட் கேனால் செய்யப் போன இடத்தில் வந்தது. காரைக்குடி செக்காலை ரோட்டில், டாக்டர் கிருத்திகாவின் கிளினிக் வெளியறையில், தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் தேனம்மை ஆச்சி இருந்தார். அவரும் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் என்னைப்போல் முனகவில்லை.

எழுத உட்கார்ந்து மூன்று தொடக்கங்கள் போட்டுப் பார்த்தேன்.

"பர்மிங்காமில் பனி பெய்துகொண்டிருந்தது. தேனம்மை ஜன்னலருகே நின்று..." அடித்துவிட்டேன். நான் மானகிரிக்காரன். பனியை ஐஸ் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள் எங்கள்..." இதையும் விட்டுவிட்டேன். பழமொழியில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. (ஆனால் இந்தக் கதைக்கு அந்தப் பழமொழி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அதனால் எங்காவது ஒரு மூலையில் இருக்கட்டும். இந்த அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கட்டும்.)

"வெளிநாட்டில் வைத்தியம் பார்த்துக்கொள்ள வந்த வெளிநாட்டவர் தேனம்மை ஆச்சி. பிறந்தது நெற்குப்பை."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

2

ஆச்சி என்றதும் பல்லில்லாத கிழவியை நினைத்துவிடாதீர்கள். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல் அது. தேனம்மை ஆச்சிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்த நடை, கையில் பெரிய கைக்கடிகாரம். பர்மிங்காமில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இங்கிலீஷ் தெரியாத தமிழ் நோயாளிகள் வந்தால், டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வேலை.

"நம்ம பக்கத்தாளுக கம்மி தம்பி. யாழ்ப்பாணத்து அம்மாமார்தான் நெறைய. அவுக பேசுறதப் புரிஞ்சுக்கவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு."

அந்த வேலையின் முதல் சட்டத்தை அவர் எனக்குச் சொன்னார். 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக்கூடாது. நோயாளி எப்படிச் சொன்னாரோ அப்படியே, 'எனக்கு வலிக்கிறது' என்றே சொல்ல வேண்டும்.

"காலையில எனக்கு நெஞ்சு வலிக்கும், மத்தியானம் மூட்டு வலிக்கும், வீட்டுக்குக் கெளம்புறதுக்குள்ள பிரசவ வலி வந்துரும்," என்று சொல்லிக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. ஈறு நோயில் மேல் வரிசையின் முன்பற்கள் நான்கும் போய்விட்டன. கழற்றி மாட்டுகிற செட் போட்டிருந்தார். பேசினால் அது நழுவியது. டாக்டர்கள் "மறுபடி சொல்லுங்கள்" என்றார்கள். ஒருமுறை மருந்தின் அளவையே ஒருவர் தப்பாகக் கேட்டு எழுதப்போனார். நல்லவேளையாக ஆச்சி எட்டிப் பார்த்துத் திருத்தினார். அதற்குப் பிறகு மேலதிகாரி அம்மாள் அன்பாகவே கூப்பிட்டு, பல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

எலும்பில் ஆணி இறக்கி அதன்மேல் நிரந்தரமாகப் பல் கட்டுவதற்கு அந்த ஊரில் கேட்ட விலைக்கு ஒரு கார் வாங்கலாமாம். மகன் கார்த்திக் துருக்கிக்குப் போகலாம் என்றான், ஹங்கேரிக்குப் போகலாம் என்றான்.

"ஏன்டா, பாஷை தெரியாத ஊர்ல போயி நான் வாயத் தொறந்து படுத்தா, எனக்கு யாருடா மொழிபெயர்க்கிறது?" என்று கேட்டுவிட்டு ஆச்சி காரைக்குடிக்கு டிக்கெட் போட்டார்.

இந்த இடத்தில் நான் சற்று நிறுத்த வேண்டும். ஏனென்றால், பாஷை தெரிந்த ஊருக்கு வந்ததால்தான் எல்லாம் கெட்டது.

3

நடந்தது இது. எங்கள் பக்கத்தில் நகரத்தார் இருவர் புதிதாகச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே ஊரைக் கேட்பார்கள். அடுத்து, எந்தக் கோவில் என்று கேட்பார்கள். ஒன்பது கோவில்களில் அவர்கள் எல்லோரும் அடங்குவார்கள். ஒரே கோவில் என்றால் பங்காளி, உடன்பிறந்தார் மாதிரி. வேறு என்றால் சம்பந்தம் பேசலாம். ஆகவே நாற்காலியில் சாய்ந்து, கழுத்தில் துண்டு கட்டி, வாயைத் திறக்கப் போன நேரத்தில் டாக்டர் கிருத்திகா வழக்கப்படி கேட்டார்.

"ஆச்சி, நமக்கு எந்த ஊரு?"

"பெறந்தது நெற்குப்பைத்தா. கட்டிக் குடுத்தது தேவகோட்டை."

"பெறந்த வீட்ல எந்தக் கோவில்?"

ஆச்சி சொன்னார். கிருத்திகா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"எங்க அப்பச்சியும் அதே கோவிலு! அப்ப நீங்க எனக்கு அயித்தைல்ல!"

அப்பச்சி என்றால் அப்பா, அவருக்கு உடன்பிறந்தாள் முறையானவர் அயித்தை, அதாவது அத்தை. அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து அயித்தைக்கு வலிக்கவில்லை.

இடமும் வலமுமாக இரண்டு ஆணிகள் இறங்கின; ஊசி போட்டும் ஈறு சரியாக மரக்கவில்லை, அப்போதும் வலிக்கவில்லை. வலித்தால் கையைத் தூக்குங்கள் அயித்தை என்று சொல்லியிருந்தார். கை நாற்காலிப் பிடியை விட்டு எழவில்லை. 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்' என்று எழுதப்போனேன். கடிப்பதற்கு மேல் வரிசையில் ஆளில்லை என்று நினைவு வந்தது.

4

இங்கேதான் எனக்கு டாக்டர் கிருத்திகாவின் மேல் சந்தேகம் வந்தது. ஆளின் மேல் அல்ல, பாத்திரத்தின் மேல். ஒரு கதையில் தவறு நடந்தால் அதற்குப் பொறுப்பாக ஒரு பொல்லாதவர் வேண்டும். வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். எனவே முயன்றேன்:

"கிருத்திகா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அலட்சியமாக..."

நகரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அலட்சியம் வராது. தினமும் சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டியதும் அயித்தைக்குப் போன் செய்வார். வீக்கம் இருக்கா, காய்ச்சல் இருக்கா, கஞ்சி இறங்குதா என்று கேட்பார். வீட்டில் செய்த இளநீர்ப் பாயசத்தைத் தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்புவார். கிருத்திகா எவ்வளவுக்கெவ்வளவு பாசமாகக் கேட்டாரோ, அவ்வளவுக்கவ்வளவு ஆச்சி "ஒண்ணுமில்லத்தா" என்றார். வலிக்கிறது என்று சொன்னால் பாயசத்துக்குச் செய்கிற துரோகம் இல்லையா அது?

பொல்லாதவர் இல்லாமலே கதையை ஓட்டிப் பார்க்கிறேன். நல்லவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், ஒரு காரியத்தைக் கெடுத்துவிடலாம்.

5

ஆச்சி என்னிடம் உண்மையைச் சொன்னது அந்த வெளியறையில்தான். மறுநாள் திருச்சியில் விமானம். கடைசியாக ஒருமுறை காட்டிவிட்டுப் போக வந்திருந்தார்.

"இடது பக்கம் சுத்தியல வச்சு அடிக்கிற மாதிரி இருக்கு தம்பி. ஒறக்கமே இல்ல."

"உள்ள போயிச் சொல்லுங்க ஆச்சி."

"எப்புடிச் சொல்றது? அந்தப் புள்ள மனசு நொந்து போயிரும். சொந்தத்துக்குள்ள ஒரு குத்தம் சொன்னா அது சாகுறவரைக்கும் நிக்கும். நாளைக்கு ஒரு விசேச வீட்ல அவுக அப்பச்சி மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்? ஊருக்குப் போயி அங்கன காட்டிக்கிறேன்."

"எங்கிட்டச் சொல்றீகளே?"

"ஒங்ககிட்டச் சொல்லலாம். நீங்க எங்காளுக இல்லையே," என்றார் ஆச்சி, எனக்கு ஏதோ பெரிய சலுகை செய்ததுபோல. "சொல்லிப்புடாதீக."

எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. சீழ் பிடித்தால் ஆணி ஆடும், ஆணி ஆடினால் சுற்றியுள்ள எலும்பு கரையும், எலும்பு கரைந்தால் மறுபடி ஆணி வைக்க இடமிருக்காது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். பர்மிங்காமில் பல் டாக்டரைப் பார்க்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதை ஆச்சியே சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். எலும்பு போனால் பல் இல்லை. பல் இல்லையென்றால் அந்த வேலை இல்லை. ஊரார் வலியையெல்லாம் பிசகாமல் டாக்டரிடம் சேர்ப்பித்த பெண், தன் வலியைக் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு விமானம் ஏறப் போகிறார்.

எனக்குக் கோபம் வந்தது. அதே நேரத்தில், சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த வைராக்கியத்தை மெச்சவும் செய்தேன்.

6

இந்த இடத்துக்கு நான் எழுதிய முதல் வடிவத்தில் கதைசொல்லி (அதாவது நான், முத்தரசு) துள்ளி எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "டாக்டர்! ஆச்சிக்கு வலிக்கிறது!" என்று முழங்குகிறான். எல்லோரும் அவனை நன்றியோடு பார்க்கிறார்கள். அரைப் பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது.

உண்மையில் நான் உள்ளே போனேன். என் முறை வந்ததால் போனேன். உள்ளே இரண்டு நாற்காலிகள், நடுவே தோளுயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்பு. கிருத்திகா எனக்கு ஊசி போட்டு, பல்லைக் குடைந்து, மருந்தை அடைத்து, வாய் நிறையப் பஞ்சை வைத்து, "கடிச்சுக்கிட்டே இருங்கண்ணே, பேசக்கூடாது," என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். அங்கே ஆச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

ஆசிரியர் வாயில் பஞ்சு. இதைவிடச் சரியாக என்னால் கற்பனை செய்திருக்க முடியாது.

7

"வலி இருக்கா அயித்தை?"

"அதெல்லாம் இல்லத்தா."

ஏதோ ஒரு கம்பியால் மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இங்குட்டுத் தட்டுனா?"

"ஒண்ணுமில்லத்தா."

மறுபடி தட்டுகிற சத்தம். தட்டிய நேரத்தில் ஆச்சியின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டதைக் கிருத்திகா பார்த்திருக்கிறார். இதை அவர் பின்னால்தான் எனக்குச் சொன்னார். அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் கையுறையைக் கழற்றுகிற சத்தமும், டாக்டரின் சக்கரம் வைத்த முக்காலி பின்னால் நகர்கிற சத்தமும்தான்.

அப்புறம் கிருத்திகா இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். பாசமில்லாத, கஞ்சி போட்ட இங்கிலீஷ். நான் அதைத் தமிழில் தருகிறேன்:

"வணக்கம் மேடம். நான் டாக்டர் கிருத்திகா. எனக்குத் தமிழ் தெரியாது. என் நோயாளிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நீங்கள் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னார்கள். அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? அவருக்கு வலி இருக்கிறதா?"

நான் பஞ்சைக் கடிக்க மறந்துபோனேன்.

ஆச்சி தொண்டையைச் செருமினார். தமிழில், நான் அதுவரை கேட்டிராத ஓர் ஆபீஸ் குரலில், "உங்களுக்கு வலி இருக்கான்னு டாக்டர் கேக்குறாங்கம்மா," என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் அவருக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும். அடுத்து வந்தது இங்கிலீஷ். செட் நழுவியது, குழறியது, ஆனாலும் நிற்கவில்லை.

"ஆமாம் டாக்டர். எனக்கு வலிக்கிறது. இடது பக்கம். ஆணி வைத்த அன்றைக்கே ஊசி போட்டும் முழுதாக மரக்கவில்லை, நான் கையைத் தூக்கவில்லை. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எட்டு. நேற்றிலிருந்து வாயில் கெட்ட வாடை அடிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு இந்த வேலை வேண்டும்."

(சட்டப்படி, 'நான்' என்றே சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.)

எனக்குக் கண்ணீர் வந்தது. ஒரு பக்கத்துத் தாடை மரத்திருந்ததால் அது வழிவது ஒரு கன்னத்தில் மட்டும் தெரிந்தது. இரண்டு பெண்கள் ஒரு பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் இவ்வளவு பெரிய காரியத்தை, ஒருவருக்கொருவர் முகம் கோணாமல், செய்து முடித்துவிட்டார்கள். நான் இத்தனை வருடம் எழுதியதில் இப்படி ஒரு சாமர்த்தியமான இடம் ஒன்றுகூட இல்லை.

"நன்றி மேடம்," என்றார் கிருத்திகா, அதே கஞ்சி போட்ட இங்கிலீஷில். "நோயாளியிடம் சொல்லுங்கள். மரத்துவிட்டதா என்று நான் இன்னொரு முறை சோதித்திருக்க வேண்டும். தவறு என்னுடையது. அந்த ஆணியை இன்றே எடுத்துவிடுவோம்."

ஆச்சி அதைத் தமிழில் சொன்னார், தனக்குத்தானே. சொல்லி முடித்துவிட்டு ஓவென்று அழுதார். அழுகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்று ஒரு வரி எழுதினேன். சினிமா வசனம் மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

8

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார்கள். இடது ஆணி வெளியே வந்தது. வலது ஆணி நன்றாகப் பிடித்திருந்தது. எலும்பு ஆறட்டும் என்று ஆச்சியைப் பர்மிங்காமுக்கு அனுப்பி, ஆவணியில் மறுபடி வரவழைத்து, கிருத்திகா புது ஆணி இறக்கினார். இந்தத் தடவை மரத்துவிட்டதா என்று திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தாராம். ஆச்சியும் ஒருமுறை கையைத் தூக்கினாராம், லேசாக, பாதி உயரத்துக்கு.

இப்போது ஆச்சி பர்மிங்காமில் இருக்கிறார். மேலதிகாரி அம்மாள் தை மாதம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆணியை எலும்பு பிடிப்பதும் பிடிக்காததும் உள்ளே நடக்கிற காரியம். டாக்டரால் அவசரப்படுத்த முடியாது, என்னாலும் முடியாது.

எனவே முடிவுகள்.

ஒன்று: எலும்பு பிடித்துக்கொள்கிறது. ஆச்சி தையில் வந்து நான்கு பல்லும் கட்டிக்கொண்டு, வாயை மூடாமல் சிரித்துவிட்டு விமானம் ஏறுகிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

இரண்டு: பிடிக்கவில்லை. ஆச்சி வேறு வேலை தேடிக்கொள்கிறார். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புதிய ஆளிடம் "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்கிறார். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதை நீங்கள்தான் எழுத வேண்டும். அதற்கு உதவியாக ஒரே ஒரு செய்தி தருகிறேன். இத்தனை மாதம் தள்ளிப் போட்டுவிட்டு, நேற்று என் பல்லுக்குக் கேப் போடப் போயிருந்தேன். கிருத்திகா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அயித்தை காலையில போன் பண்ணுனாகண்ணே. நான் எப்பவும் போல வெதர் எப்புடி இருக்குன்னுதான் ஆரம்பிச்சேன். வலியப் பத்தி நான் வாயே தெறக்கல."

"என்ன சொன்னாக?"

ஆணி எலும்போடு சேரும்போதும் சில நேரம் லேசாக வலிக்குமாம். கெட்டுப்போகும்போதும் வலிக்குமாம். எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொல்லிக் கிருத்திகா கேட்டிருக்கிறார், இன்னும் வரவில்லை. வந்தாலும் உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. கிருத்திகாவுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். அப்புறம் ஆச்சி சொன்னதை ஆச்சியின் குரலிலேயே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல், எனக்குச் சொன்னார்:

"கிருத்திகா, அயித்தைக்கு இடது பக்கம் வலிக்குதுத்தா."